சுழி சுத்தம்

என் மகள் கல்யாணத்துக்கு நான் அரக்கோணத்திலிருந்து வாடகைக்குக் குதிரை பிடித்தேன். வீட்டுக் கொட்டகையில் சொந்தக் குதிரை கொள்ளு தின்றுகொண்டு நிற்க, ஊர் தாண்டிப் போய் எவனோ ஒருவன் குதிரைக்குச் சொல்லிவிட்டு வந்தேன். கேட்டால் சிரிப்பீர்கள். சிரியுங்கள். திருத்தணியில் பாதிப் பேர் சிரித்து முடித்துவிட்டார்கள். மீதிப் பேர் என்னோடு பேசுவதில்லை.

என் பெயர் தணிகாசலம். இந்த ஊரில் தடுக்கி விழுந்தால் ஒரு தணிகாசலத்தின் மேல்தான் விழவேண்டும். அதனால் ‘குதிரைக்காரர்’ என்றால்தான் என்னைத் தெரியும். மாப்பிள்ளை அழைப்புக்குக் குதிரை விடுவது என் தொழில். முகூர்த்த நாள் வந்துவிட்டால் மலையடிவாரத்து மண்டபங்களில் என் செல்லி இல்லாமல் மாப்பிள்ளை உள்ளே வரமாட்டான். செல்லி பெண்குதிரை. வாங்கும்போது சாம்பல் நிறத்தில் இருந்தாள். வயது ஏற ஏற வெளுத்து, கடைசியில் துவைத்துக் காயப்போட்ட வேட்டி மாதிரி ஆகிவிட்டாள்.

அவளை அந்தியூர்ச் சந்தையில் வாங்கினேன். அப்போது அவளுக்கு இரண்டு வயது. வந்தவர்கள் ஒருவரும் பல்லைப் பார்க்கவில்லை, குளம்பைப் பார்க்கவில்லை. வலது கண்ணுக்குக் கீழே ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்த குதிரைக்கு நகர்ந்துபோனார்கள். குதிரைக்கு உடம்பில் சில இடங்களில் மயிர் வட்டமாகச் சுழன்று படிந்திருக்கும். அதைத்தான் சுழி என்பது. நெற்றியில் இருந்தால் நல்லது, கழுத்தில் இருந்தால் யோகம் என்று அதற்கொரு பெரிய பட்டியல் உண்டு. கண்ணீர் வழிகிற தடத்தில் இருந்தால் அது கண்ணீர்ச் சுழி. அந்தக் குதிரை மேல் ஏறினவன் வீட்டில் அழுகை ஓயாது என்பார்கள். செல்லிக்கு அது எட்டணாக் காசு அகலத்துக்கு இருந்தது. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. மலிவாகக் கிடைத்தாள், ஓட்டிக்கொண்டு வந்தேன்.

நம்பிக்கை இல்லை என்றேனே தவிர, ஊருக்கு அதைக் காட்டவில்லை. என் மனைவி சுஜாதா ஜிகினா வைத்து ஒரு முகப்பட்டி தைத்துக் கொடுத்தாள். அதில் இரண்டு பக்கமும் கண்ணுக்குக் கீழே குஞ்சம் தொங்கும். சுழி அதற்குள் மறைந்துவிடும். பத்து வருஷம் முகப்பட்டி இல்லாமல் செல்லி தெருவில் இறங்கியதில்லை. எத்தனை நூறு மாப்பிள்ளைகள் அவள் முதுகில் ஏறி இறங்கினார்கள் என்று எனக்கே தெரியாது.

அவளைப் பழக்கியது பாதி நான், பாதி என் மகள் ஷாலினி. ஷாலினி அப்போது ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள். ஏரி வற்றியபிறகு உள்ளே கொண்டுபோய் நீளக் கயிற்றில் வட்டம் விடுவோம். கொள்ளு வைக்கும்போதெல்லாம் பக்கத்தில் தட்டைத் தட்டுவோம். தட்டு பழகியதும் மேளம், மேளம் பழகியதும் ஊசிவெடி. முதல் வாரம் நூறடி தள்ளி வெடிக்கவேண்டும், அடுத்த வாரம் தொண்ணூறு. அவசரப்பட்டால் ஆறு மாத உழைப்பு ஒரே நாளில் போய்விடும். நான் வெடிக்கு நெருப்பு வைப்பேன். ஷாலினி செல்லியின் தலையைத் தன் தோளில் சாய்த்து, அந்தக் கண்ணீர்ச் சுழியைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே நிற்பாள். குதிரைக்கு எப்போதும் இடது பக்கமாகத்தான் ஏறவேண்டும். கல்யாண அவசரத்தில் இருக்கிற மாப்பிள்ளைக்கு இடது எது வலது எது என்று தெரிந்தால் அவன் ஏன் கல்யாணம் பண்ணிக்கொள்கிறான்? அதனால் வேட்டி கட்டிக்கொண்டு வலது பக்கமாக ஏறுவதற்கும் அவளைப் பழக்கினோம். சாட்டை என்று ஒன்று எங்கள் வீட்டில் இருந்ததேயில்லை. ஷாலினி விடமாட்டாள்.

அந்த ஷாலினிக்கு வரன் அமைந்தது. பொதட்டூர்பேட்டையில் சொந்தத் தறி வைத்திருக்கிற டில்லிபாபுவின் மகன் விஷ்ணு. நல்ல பையன், அதிகம் பேசமாட்டான். நகை என்ன, புடவை என்ன என்று கேட்டதற்கெல்லாம் ஷாலினி உங்கள் இஷ்டம் என்றாள். ஒன்றே ஒன்றுதான் அவளாகக் கேட்டாள்.

“அவரு செல்லி மேலதான் வரணும் நைனா.”

“வேற எது மேல வருவாரு? கழுத மேலயா?” என்றேன். அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது, கொள்ளு ஊறவைத்துக்கொண்டிருந்த சுஜாதா தலையைத் தூக்காமலே சொன்னாள்.

“ஊரான் வூட்டுப் புள்ளைங்கள ஏத்தினீங்க, சரி. இது நம்ம பொண்ணோட தாலிங்க. எனக்கு மனசு கேக்கல.”

“சுழி குதிரைக்கு இல்லடி. உன் மண்டைக்குள்ள கீது” என்று கத்தினேன். அதோடு அவள் அந்தப் பேச்சை விட்டுவிட்டாள். விட்டுவிட்டாளே என்றுதான் எனக்கு ஆத்திரமாக இருந்தது. சண்டை போட்டிருந்தால் நானும் போட்டு ஜெயித்திருப்பேன்.

அடுத்த மூன்று நாளும் செல்லிக்கு உடம்பு தேய்க்கும்போதெல்லாம் என் கை அந்தக் கண்ணுக்குக் கீழே வந்து நின்றது. செல்லி மேல் ஏறின எங்கள் தெருக் கௌரியம்மாள் மகன், கல்யாணமான வருஷமே வேலையை இழந்தது ஞாபகத்துக்கு வந்தது. அவன் குடித்துவிட்டு மேனேஜரை அடித்தான், அதனால் போயிற்று. அது எனக்கும் தெரியும். தெரிந்தும் நாலாம் நாள் காலை ரயில் ஏறினேன்.

அரக்கோணத்துக்காரன் காட்டியது நாலு வயது ஆண்குதிரை. “சுழி சுத்தம்ங்க, நீங்களே பாத்துக்கங்க” என்றான். நெற்றியிலிருந்து வால் வரை மயிரை விலக்கி விலக்கிப் பார்த்தேன். சுத்தம்தான். வெடிக்கு நிற்குமா என்று நான் கேட்கவில்லை. என் தொழிலில் கேட்கவேண்டிய முதல் கேள்வி அது. பத்து வருஷம் குதிரை விட்டவன், பட்டாசு என்கிற வார்த்தையையே எடுக்காமல் திரும்பி வந்தேன்.

வீட்டில், செல்லிக்குக் காலில் நோவு, தாங்கித் தாங்கி நடக்கிறாள், அதனால் வேறு குதிரை சொல்லிவிட்டேன் என்றேன். ஷாலினி நேரே கொட்டகைக்குப் போனாள். நானும் பின்னால் போனேன்.

“எந்தக் கால் நைனா?”

“முன்னங்கால். வலது.”

அவள் குனிந்து அந்தக் காலைத் தூக்கி மடியில் வைத்து, லாடத்தைத் தட்டிப் பார்த்தாள். குளம்பைச் சுற்றிலும் விரலால் அழுத்திப் பார்த்தாள். செல்லி காலை இழுக்கக்கூட இல்லை. ஷாலினி காலைக் கீழே விட்டுவிட்டு எழுந்து கையைத் துடைத்துக்கொண்டாள்.

“சரி நைனா” என்றாள். அவ்வளவுதான்.

மாப்பிள்ளை அழைப்பு அன்றைக்குச் சாயங்காலம் விஷ்ணு அந்தச் சுழி சுத்தமான குதிரை மேல் ஏறினான். பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபம் கூப்பிடு தூரம்தான். அதில் பாதி வந்தபோது அவன் சிநேகிதர்கள் ஆயிரம் வாலாவைக் கொளுத்தி முன்னங்காலுக்கு அடியிலேயே போட்டார்கள். குதிரை நிமிர்ந்து இரண்டு காலில் நின்றது. நான் கடிவாளத்தை எட்டிப் பிடிப்பதற்குள் விஷ்ணு பேண்டு வாத்தியக்காரர்கள் மேல் விழுந்தான். அந்தக் குதிரையைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. பயந்த குதிரை வேறென்ன செய்யும்?

வலது மணிக்கட்டு முறிந்துபோயிற்று. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு அழைத்து வந்தார்கள். மறுநாள் முகூர்த்தத்தில் மூன்று முடிச்சில் கடைசி ஒன்றை நாத்தனார் போடுவது வழக்கம். இங்கே மாப்பிள்ளை தாலியை இடது கையால் பிடித்துக்கொண்டிருக்க, மூன்றையும் நாத்தனாரே போட்டாள். வந்தவர்கள் அட்சதை போடுவதை விட்டுவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பந்தியில் நான் சாம்பார் விசாரித்துக்கொண்டு வந்தபோது டில்லிபாபு என்னை நிறுத்தினார்.

“சம்மந்தி, ஒண்ணு கேக்கறேன். வூட்லயே குதிர கட்டி வச்சிகினு கீறீங்க. ஊருக்கெல்லாம் உடறீங்க. எம் புள்ளைக்கு மட்டும் ஏங்க எவனோ ஒருத்தன் குதிர?”

கால் நோவு என்றே சொல்லியிருக்கலாம். ஆனால் என் சம்மந்தி எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். உண்மையைச் சொன்னால், அவர் மகன் மேல் எனக்கு எத்தனை அக்கறை என்று தெரியுமே என்று என் புத்திகெட்ட புத்தி நினைத்தது.

“எங்க குதிரைக்குக் கண்ணீர்ச் சுழி கீதுங்க. உங்க புள்ளைக்கு ஒண்ணு ஆயிடக் கூடாதேன்னுதான் அத ஏத்தல.”

பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்த கைகள் நின்றன. எதிர்த்தெரு அரசு இலையை மூடிவிட்டு எழுந்தான். அவன் மகனும் செல்லி மேல் ஏறினவன்தான். மருமகள் ஆறே மாதத்தில் தாய்வீட்டுக்குப் போய், இன்னும் திரும்பவில்லை.

“அப்ப எம் புள்ள நாசமாப் போனா பரவால்லையா குதிரைக்காரரே? உம் மாப்ளன்னா மட்டும் உயிரு, எங்க புள்ளைங்கன்னா மசுரா?”

மணவறையிலிருந்து ஷாலினி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததை நீங்களே யூகிக்கலாம். அடுத்த முகூர்த்தத்துக்குச் சொல்லியிருந்தவர்கள் அத்தனை பேரும் வேண்டாம் என்றார்கள். பழைய மாப்பிள்ளைகளின் அப்பன்மார் ஒவ்வொருவராக வாசலுக்கு வந்தார்கள். ஒருவர் மகன் பைக்கிலிருந்து விழுந்ததற்குச் செல்லி காரணம். ஒருவர் வீட்டில் குழந்தை தங்காததற்குச் செல்லி காரணம். ஏழு வருஷத்துக்கு முன்னால் ஏறினவனுக்குப் போன மாதம் சர்க்கரை வந்ததற்கும் அவள்தான் காரணம். சுழியெல்லாம் பொய் என்று சொல்ல நான் வாயெடுத்தால், அப்புறம் நீ ஏன் ஏத்தல என்று ஒரே கேள்வி.

டில்லிபாபு போனில் பேசினார். அன்றைக்குச் செல்லி தெருவில் காலே வைக்கவில்லை. ஆனாலும் கை முறிந்தது அவளால்தான் என்று அவருக்குத் தீர்மானமாகிவிட்டது.

“அந்தப் பீடையக் கட்டிகினு கீற வூட்டுக்கு எம் புள்ளைய மறுவீடு அனுப்பமாட்டேன் சம்மந்தி. அத மொதல்ல தள்ளுங்க. பொண்ணு கையில இதச் சொல்லவேணாம், பாவம், வருத்தப்படும்.”

கல்யாணக் குதிரைக்காரர்கள் யாரும் அவளைத் தொடமாட்டேன் என்றார்கள். கடைசியில் நகரிப் பக்கத்திலிருந்து ஒருவன் வந்தான். செங்கல் சூளையில் வண்டி இழுக்கக் குதிரை வேண்டுமாம். மறைத்துப் பட்டது போதும் என்று சுழியை நானே காட்டினேன். “செங்கல்லுக்குச் சுழி தெரியாதுங்க” என்றான்.

செல்லியை டெம்போவில் ஏற்றக் கயிறு தேவைப்படவில்லை. முதலில் நான் ஏறுவேன், பின்னால் அவள் ஏறுவாள். பத்து வருஷமாக அப்படித்தான் கல்யாணங்களுக்குப் போயிருக்கிறோம். அன்றைக்கும் நான் ஏறினேன், அவளும் பின்னாலேயே ஏறி என் முதுகில் மூக்கை வைத்தாள். நான் பக்கவாட்டில் இறங்கிக் கதவைச் சாத்தினேன். மகளை அனுப்பியபோது வராத அழுகை அப்போது வந்தது. சுஜாதா வெளியே வரவில்லை. தினமும் போனில் ஷாலினி, செல்லி எப்படி இருக்கிறாள் என்று கேட்பாள். நல்லா கீறா என்று நாங்கள் இரண்டு பேரும் மாற்றி மாற்றிச் சொன்னோம்.

ஒரு மாதம் கழித்து மறுவீட்டுக்கு வந்தார்கள். ஷாலினி பையைக்கூடக் கீழே வைக்காமல் கொட்டகைக்குப் போனாள். திரும்பி வந்தபோது அவள் முகம் வெறுமையாக இருந்தது. கேட்டது விஷ்ணுதான். அவன் கை இன்னும் கட்டோடு கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

“செல்லி எங்க மாமா?”

சொன்னேன். அவன் அப்பா சொன்னதையும் சேர்த்தே சொன்னேன். கொஞ்சம் பழியாவது அந்தப் பக்கம் போகட்டுமே.

“எங்க நைனா அப்டி சொன்னார்னு தெரிஞ்சிருந்தா, நான் அவர் கையில பேசியிருப்பேனே மாமா. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே” என்றான் விஷ்ணு. “நிச்சயம் ஆன வாரமே ஷாலினி என்னக் கூட்டினு வந்து அந்தச் சுழியக் காட்டினா. நீங்க வெளிய போயிருந்தீங்க. ‘இது கீது, ஊருக்கு மறைச்சோம், உங்களுக்கு மறைக்கமாட்டேன், ஏறுவீங்களா’ன்னு கேட்டா. ஏறுவேன்னுதான் சொன்னேன்.”

நான் ஷாலினியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

“அந்த ஆளு அட்ரஸ் குடு” என்றாள். கொடுத்தேன். சாப்பிட்டுவிட்டுப் போகச்சொல்லி சுஜாதா கெஞ்சினாள். ஷாலினி என் ஸ்கூட்டர் சாவியை ஆணியிலிருந்து எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். கட்டுப் போட்ட கையோடு விஷ்ணு பின்னால் உட்கார்ந்தான்.

“நானும் வரேன்மா” என்றேன்.

“வேணாம் நைனா. நீ வந்தா அது உன் பின்னாடிதான் வரும். அப்புறம் மறுபடியும் யாருக்குக் குடுப்ப?”

ஸ்கூட்டர் தெருமுனை தாண்டி நகரி ரோட்டில் திரும்பியது. மனசு கேட்காமல் இரண்டு நாள் முன்னால் நான் அந்த ஆளுக்குப் போன் போட்டிருந்தேன். குதிரை வண்டிக்கு மசியவில்லை, வாங்கின வாரமே சந்தையில் தள்ளிவிட்டேன், வாங்கினவன் யார் எந்த ஊர் என்று தெரியாது என்று அவன் சொல்லிவிட்டான். அதைச் சொல்லத்தான் வாசல்வரை வந்தேன். சொல்லவில்லை.