ஆன்டெனா திருப்பிய அக்கா

கண்ணாடிக்கடைக்காரருக்கு எதைப் பார்த்தாலும் எண்பதுகள் ஞாபகத்துக்கு வந்துவிடும். கடைக்கு வருபவர் மூக்குக்கண்ணாடிச் சட்டம் ஒன்றைக் கையில் எடுத்து, "இது தாங்குமா?" என்று கேட்டால் போதும்.

"தாங்கறதா? நான் சின்னப்பையனா இருந்தப்ப ஒரு சட்டம் வந்துச்சு பாருங்க, அது மேல ஆள் உக்காந்தா ஆளுக்குத்தான் வலிக்கும்" என்று ஆரம்பிப்பார். வந்தவர் வந்த வேலையை மறந்து, ஆளை விட்டால் போதும் என்று படியிறங்குவார்.

வீட்டிலும் அதே பாட்டுத்தான். அப்போது தக்காளிக்கு மணம் இருந்தது. மழைக்கு நேரங்காலம் தெரிந்திருந்தது. பெரியவர்கள் கிழித்த கோட்டைப் பிள்ளைகள் தாண்டியதில்லை. கல்லூரியில் படிக்கும் மகள் அவருக்கு 'அந்தக்காலம்' என்று பட்டப்பெயரே வைத்துவிட்டாள். சாயங்காலம் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும், "அம்மா, அந்தக்காலம் வந்தாச்சு, டீ போடலாம்" என்பாள். அவர் மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். அவளும் அதே எண்பதுகளில் வளர்ந்தவள்தான். அதைப் பற்றிக் கேட்டால், "எனக்கு ஞாபகம் இருக்கறதெல்லாம் பேன் சீப்புதான்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவாள்.

ஒருநாள் இஸ்திரிப் பெட்டியைச் சரிபார்க்க ரிப்பேர் கடைக்குப் போனவர், அங்கே பின்பக்கம் கிடந்த ஒன்றைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். மரப்பெட்டிக்குள் வைத்த கறுப்பு வெள்ளை டி.வி. இழுத்து மூடும் மரக்கதவு, நான்கு கால்கள், 'டக் டக்' என்று திருகும் குமிழ். திருவிழாவில் தொலைந்த தம்பியைக் கண்டெடுத்தவர்போல அதன் தலையைத் தடவினார்.

"சார், இதுல இப்ப எந்த ஸ்டேஷனும் வராது" என்றார் ரிப்பேர்காரர்.

"வரவழைங்க."

ரிப்பேர்காரர் தலையைச் சொறிந்து, போனிலிருந்து படம் ஓடுகிற மாதிரி ஒரு சின்னப் பெட்டியை உள்ளே பொருத்திக் கொடுத்தார். கண்ணாடிக்கடைக்காரர் ஆன்டெனாவும் வேண்டும் என்றார்.

"அது சும்மா கொம்பு சார். ஒண்ணும் பிரயோஜனம் இல்ல."

"இருக்கட்டும். கொம்பில்லாட்டி மொட்டை மாடு மாதிரி இருக்கும்."

சின்ன வேனில் வந்து இறங்கிய டி.வி.யை நான்கு பேர் முக்கி முனகி மேலே ஏற்றினார்கள். "எங்க வைக்கறது இதை?" என்றாள் மனைவி. "உன் மேஜையைக் கொஞ்சம் நகத்திக்கலாமா கண்ணு?" என்று அவர் மகளிடம் குழைந்தார்.

"எவ்வளவு கொஞ்சம்?"

"பால்கனி வரைக்கும்."

ஞாயிற்றுக்கிழமை அக்காவையும் மாமாவையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். அக்கா அவரைவிட எட்டு வயது மூத்தவள். மாமா லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேசமாட்டார். சாப்பாடு முடிந்ததும் எல்லோரையும் டி.வி. முன்னால் உட்காரவைத்து, கண்ணாடிக்கடைக்காரர் மரக்கதவை மெல்ல விலக்கினார். திரையில் புள்ளி புள்ளியாக ஏதோ அசைந்தது.

"பாத்தியா அக்கா! என்னமா ரசிச்சுப் பார்த்தோம் இதை!"

"நீ பார்த்தே" என்றாள் அக்கா. "நான் எங்கே பார்த்தேன்? மாடியில நின்னு ஆன்டெனாவைத் திருப்பினேன்."

"அது சரி, நீ ஒழுங்காத் திருப்பியிருந்தா நானும் முழுசாப் பார்த்திருப்பேன்" என்றவர் மகள் பக்கம் திரும்பினார். "கேளு, வாராவாரம் ஒரு துப்பறியும் தொடர். ஊரே அடங்கிடும். கடைசி வாரம் எல்லாரையும் ஒரு ஹால்ல நிக்க வெச்சு, 'கொலைகாரன் இங்கதான் இருக்கான்'னு கையை நீட்டறான். போச்சு படம்! கோடு கோடா ஓடுது. நான் 'இன்னும் திருப்பு, இன்னும் திருப்பு'ன்னு தொண்டை கிழியக் கத்தறேன். மேல நிக்கறவ 'சரியா?'ன்னுதானே கேக்கணும்? இவ 'சரி, சரி'ன்னு பதில் சொல்றா! படத்தைப் பார்க்கறவன் நான். சரின்னு இவளுக்கு எப்படித் தெரியும்?"

மாமாவுக்குக் குடித்துக்கொண்டிருந்த டீ மூக்கில் ஏறிவிட்டது. இருமி இருமிக் கண்ணில் நீர் வந்தது. அக்கா அவர் முதுகைத் தட்டியபடி ஜன்னல் பக்கம் பார்த்தாள். அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வெளியே வர வழி தேடிக்கொண்டிருந்தது.

மகள் விடுவாளா? "அத்தை, என்ன அத்தை? சொல்லுங்க அத்தை!"

"ஒண்ணுமில்லடி."

"இனிமே மறைச்சு என்ன ஆகப்போகுது?" என்றார் மாமா. அன்று அவர் பேசிய முதல் முழு வாக்கியம் அது.

அக்கா தம்பியைப் பார்த்தாள். "அது உனக்குச் சொன்ன சரி இல்லடா."

கண்ணாடிக்கடைக்காரருக்கு விளங்கவில்லை. மனைவிக்கு உடனே விளங்கியது. மகள் சோபாவில் ஏறி நின்றே கைதட்டினாள். மாமாவின் வீடு அப்போது பக்கத்து வீடு. இரண்டு மொட்டை மாடிக்கும் நடுவே முழங்கால் உயரத்துக்கு ஒரு சுவர். அவரும் தன் அப்பாவுக்காக அந்தப் பக்கம் ஆன்டெனா திருப்ப வருவார். முதல் தடவை, பெருங்காற்று அடித்து இரண்டு வீட்டிலும் ஒரே நேரத்தில் படம் போனது. தொடரின் கடைசி வாரத்தன்று, கல்யாணம் பண்ணிக்கலாமா என்று அவர் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டிருந்தார்.

"அப்புறம், காத்தே இல்லாத நாள்ல?" என்றார் கண்ணாடிக்கடைக்காரர்.

"காத்து எதுக்கு? கைதான் இருக்கே" என்றார் மாமா.

"அப்ப வாராவாரம் நீதான்..."

"வாராவாரம் இல்லடா. எனக்குப் பரீட்சை நடந்தப்ப உனக்குப் படம் பளிச்சுன்னு வந்திருக்கும். யோசிச்சுப் பாரு."

யோசித்தார். வந்திருந்தது. முகம் தொங்கிப்போயிற்று. "பெரியவங்க பார்த்து முடிச்ச கல்யாணம்னுதானே நான் நினைச்சேன்?"

"பெரியவங்கதான் பார்த்தாங்க. எந்தப் பக்கம் பார்க்கணும்னு நாங்க காட்டினோம்."

மாமாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "எங்கப்பா காதுல படற மாதிரி ஒருத்தரை விட்டுச் சொல்லவெச்சேன். 'பக்கத்து வீட்டுப் பொண்ணுக்கு எவ்வளவு பொறுப்பு பாருங்க, கூப்பிட்ட குரலுக்கு மாடிக்கு ஓடுது'ன்னு."

"அப்பா, பிள்ளைங்க கோட்டைத் தாண்டினதே இல்லன்னு சொல்வீங்களே?" என்றாள் மகள்.

"கோட்டை யாரும் தாண்டலம்மா" என்றாள் அக்கா. "சுவரைத்தான்."

எல்லோரும் சிரித்து ஓய்ந்தபோது அவர் மட்டும் உம்மென்று இருந்தார். "உங்க ரெண்டு பேராலதான் கொலைகாரன் யாருன்னே தெரியாம நான் கிழவன் ஆகப்போறேன்."

"தோட்டக்காரன்" என்றாள் மனைவி, தட்டுகளை அடுக்கியபடி. அவர் திகைத்துத் திரும்பினார். "எங்க வீட்டு ஆன்டெனாவை எங்கண்ணன் திருப்பினான். அவன் யாரையும் காதலிக்கல. படம் சுத்தமா வந்துச்சு."

"இத்தனை வருஷமா நான் புலம்பறேன், நீ சொல்லவே இல்லையே?"

"நீங்க நடுவுல மூச்சு விட்டாத்தானே சொல்றதுக்கு?"

அதற்குமேல் கோபமாக இருக்க அவரால் முடியவில்லை. சிரித்தும்விட்டார். ஆனால் மனசுக்குள் ஏதோ குறுகுறுத்தது. எண்பதுகளை மூலைமுடுக்கெல்லாம் தெரிந்தவர் என்றுதானே இத்தனை நாளும் இருந்தார்? தலைக்கு நேர் மேலே இத்தனை நடந்திருக்கிறது. கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்.

"மேல எப்படி இருக்கும் அக்கா, அந்த நேரத்துல?"

அக்கா கால்களை மடக்கி வசதியாக உட்கார்ந்தாள். "பொழுது சாயற நேரம். வெயில் குடிச்ச தரை காலுக்கு வெதுவெதுன்னு இருக்கும். எந்த மாடியைப் பார்த்தாலும் ஒரு கம்பி, கம்பியைப் பிடிச்சுக்கிட்டு ஒரு ஆள். கீழ இருந்து 'வந்துச்சு, போச்சு, வந்துச்சு'ன்னு தெரு முழுக்கக் குரல் கேக்கும். எல்லா வீட்டு ஜன்னல்லயும் ஒரே வெளிச்சம், ஒரே நேரத்துல நடுங்கும். என்ன படம்னு எங்களுக்குத் தெரியாது. யாரோ அழறாங்க போலன்னு இவர் சொல்வாரு. இல்ல, சண்டைன்னு நான் சொல்வேன்."

"பாதி நாள் அது விளம்பரமா இருக்கும்" என்றார் மாமா.

கண்ணாடிக்கடைக்காரர் முழங்காலைக் கட்டிக்கொண்டு சின்னப்பையன்போலக் கேட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் இன்னொன்று கேட்டார், அதற்கப்புறம் இன்னொன்று. டி.வி. தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. யாரும் பார்க்கவில்லை. அக்கா பேசப் பேச அவர் ஒரு தடவைகூடக் குறுக்கே பேசவில்லை என்பதை மனைவி கவனித்தாள்.

மாதம் ஒன்று கழிந்திருக்கும். அக்கா படிக்கிற கண்ணாடிக்கு அளவு கொடுக்கக் கடைக்கு வந்தாள். உள்ளே தம்பி ஒரு வாடிக்கையாளரிடம் மும்முரமாகப் பேசிக்கொண்டிருந்தார். அவள் வந்ததைக் கவனிக்கவில்லை.

"எங்கக்கா கல்யாணமே என்னாலதான் சார் நடந்துச்சு. அவங்க ரெண்டு பேரும் மாடியில பேசிக்கிட்டிருப்பாங்க. யாராவது மேல போயிட்டா? அதுக்காகத்தான் படம் நல்லா வந்தாலும் 'வரல, வரல, இன்னும் திருப்பு'ன்னு கீழ இருந்து கத்துவேன். சின்னப்பையன்தான், ஆனா அப்பவே எனக்கு எல்லாம் தெரியும்."

வாடிக்கையாளர் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். சட்டத்தைக் கீழே வைக்கவும் இல்லை, கிளம்பவும் இல்லை. தம்பி நிமிர்ந்தபோது வாசலில் அக்கா. அவர் காது மடல் சிவந்துபோயிற்று. கையிலிருந்த துணியால் ஏற்கெனவே துடைத்த கண்ணாடியை மறுபடி துடைத்தார்.

"இவங்கதான் அந்த அக்காவா?" என்றார் வாடிக்கையாளர்.

அக்கா தம்பியை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஆமாங்க" என்றாள். "இவன் மட்டும் அன்னைக்கு மாடிப்படி ஏறியிருந்தா, எங்க கதை கந்தலாயிருக்கும்."