இடது பக்கத்து இருக்கை

அண்ணனைச் 'சுத்தி' என்றும் தங்கையை 'ஊசி' என்றும்தான் அந்தத் தெருவில் கூப்பிடுவார்கள். அவன் பழைய கார்களுக்கு டிங்கரிங் செய்பவன். எவ்வளவு நசுங்கின தகரமானாலும் தட்டித் தட்டியே அதன் பழைய உருவத்துக்குக் கொண்டுவந்துவிடுவான். அவள் சீட் தைப்பவள். இருவருக்கும் ஒரே கொட்டகை, நடுவில் ஒரு தார்ப்பாய்த் திரை. சண்டை போட வேண்டியிருந்தால் மட்டும் திரையை விலக்குவார்கள்.

அந்தக் கார் லாரியில் வந்து இறங்கிய அன்று திரையைக் கழற்றியே வைக்க வேண்டியதாகிவிட்டது. மூக்கு பின்சுவரைத் தொட்ட பிறகும் வால் தெருவில் நின்றது.

"இது காரா, ரயில் பெட்டியா?" என்றார் எதிர்க்கடை சைக்கிள்காரர். சொன்னவர் கடைக்குத் திரும்பிப் போகவில்லை. தெருவில் பாதிப் பேர் வந்து நின்றுவிட்டார்கள். யாரும் தொடவில்லை. தூசியின் அடியில் கறுப்பு மினுங்கியது. முன்விளக்குகள் ஒவ்வொன்றும் ஒரு குடத்தளவு இருந்தன.

ஆலைகளும் கப்பல்களும் வைத்திருந்த ஒரு பெரிய குடும்பத்தின் கார் அது. அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட கார்களைக் கம்பெனி முழுசாகச் செய்து விற்காது. இன்ஜினையும் அடிச்சட்டத்தையும் சக்கரங்களையும் மட்டும் தரும். வாங்குகிறவர்கள் பாடி கட்டும் ஆளிடம் கொடுத்து, வீடு கட்டுவது மாதிரி, இது இப்படி வேணும் அது அப்படி வேணும் என்று சொல்லிச் சொல்லிக் கட்டிக்கொள்வார்கள். இப்போது அதை வாங்கியிருப்பவர் ஒரு ஹோட்டல்காரர். நல்ல பருமன், நல்ல குரல், எதையும் மனசில் வைத்துக்கொள்ளாதவர். இன்ஜின் வேலையை வேறொரு இடத்தில் முடித்துவிட்டார்.

"கல்யாணப் பொண்ணு மாப்பிள்ளைக்கு வாடகைக்கு விடப்போறேன். வெளிய அண்ணன் பாத்துக்கட்டும், உள்ள நீ பாத்துக்கோம்மா. ஆனா ஒண்ணு, பின் சீட்டு ஒரு பக்கம் கோணலா இருக்கு. அதைச் சமமாக்கிடு."

ஊசி பின்கதவைத் திறந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறினாள். கழற்றச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

உள்ளே ஒரு அறை இருந்தது. வேறு சொல் அவளுக்குக் கிடைக்கவில்லை. டிரைவருக்கும் பின்னால் உட்காருபவர்களுக்கும் நடுவே கண்ணாடித் தடுப்பு. டிரைவரிடம் பேச, ஊதுகுழல் மாதிரி ஒரு பித்தளைக் குழாய். கதவுகளின் உள்புறம் மரப்பலகை. அதில் வெவ்வேறு நிற மரத்துண்டுகளைப் பதித்துப் பறவைகள். ஒரு பறவையின் இறகை விரலால் தடவிப் பார்த்தாள். இணைப்பே விரலுக்குத் தட்டுப்படவில்லை. எத்தனையோ வருஷமாகக் கார்களுக்குள் உட்கார்ந்து வேலை செய்தவள், அன்று கொஞ்ச நேரம் வேலையையே மறந்து உட்கார்ந்திருந்தாள்.

ஹோட்டல்காரர் சொன்னது உண்மைதான். வலது பக்கம் சாதாரண இருக்கை. இடது பக்கம் உயரமாக இருந்தது. அகலம் குறைவு, முதுகுச் சாய்வும் முன்னுக்குத் தள்ளி வந்திருந்தது. காலடியில் மட்டும் தரை மேடை கட்டினதுபோல் எழும்பி நின்றது. ஊசி அதில் உட்கார்ந்தபோது முட்டி நெஞ்சுக்கு வந்தது.

"எவனோ தூக்கக் கலக்கத்துல செஞ்சிருக்கான்," என்றாள்.

"பின்னாடி யாராவது ரிப்பேர் பண்றேன்னு கெடுத்திருப்பாங்க," என்றான் சுத்தி.

மறுநாள் மெத்தையைப் பிரித்ததும் அவளுக்கு அந்த எண்ணம் போய்விட்டது. இரண்டு பக்கச் சட்டமும் ஒரே மரம், ஒரே கை. மூலைகளில் ஆணியே இல்லாமல் பூட்டியிருந்த விதமும் ஒன்றுதான். சொல்லப்போனால் கோணலான பக்கத்துக்குத்தான் வேலை அதிகம். ஸ்பிரிங்குகள்கூட அங்கே மெல்லியவை, கனமில்லாத ஒருவருக்கென்று தேர்ந்தெடுத்த மாதிரி.

"அண்ணா, இது தப்பா செஞ்சதில்ல. தெரிஞ்சே செஞ்சிருக்காங்க."

"தெரிஞ்சே யாரும்மா முட்டி இடிக்கிற மாதிரி சீட்டு செய்வாங்க?" அவன் வெளியே இடது பின்கதவில் பழைய பெயின்ட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தான். அவள் உள்ளே அதே கதவருகில், மேடையில் மண்டிபோட்டு, ஜன்னலுக்குக் கீழே அடித்திருந்த மட்டமான துணியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். காருக்குள் பிற்காலத்தில் யாரோ செய்த வேலை அது மட்டும்தான்.

வெளியே உப்புத்தாள் திடீரென்று கிறீச்சிட்டது. பல்லைக் கூசவைக்கும் சத்தம்.

"ஏய், இது தகரமில்ல!" என்று கத்தினான் சுத்தி. பெயின்ட்டைக் கரைக்கும் தின்னரில் ஒரு கந்தையை நனைத்து அழுத்தித் துடைத்தான்.

உள்ளே அவள் பிய்த்த துணி கையோடு வந்தது. ஊசியின் முகத்துக்கு நேரே, சரியாக அவள் கண்மட்டத்தில், கதவுக்குள் ஒரு வெளிச்சம் விழுந்தது. ஜன்னலுக்குக் கீழே ஓடிய வெள்ளிக் கோட்டுக்கும் அடியில், ஒரு முழ நீளத்துக்குக் கறுப்புக் கண்ணாடி. வெளியிலிருந்து பார்த்தால் காரின் கறுப்போடு கறுப்பாகக் கலந்துவிடும். பிற்காலத்தில் யாரோ அதன் மேலேயும் பெயின்ட் அடித்திருக்கிறார்கள்.

"உள்ள ஏதாவது தெரியுதா? வெளியேருந்து ஒண்ணுமே தெரியல," என்றான் சுத்தி.

"எனக்கு நல்லா தெரியுது. உன் சட்டையில கீழ் பட்டன் இல்ல."

சிரித்தவள் அப்படியே நிறுத்திக்கொண்டாள். மண்டியிட்டபடியே மெல்லத் திரும்பிப் பார்த்தாள். பேசும் குழாய் அவள் வாய்க்கு நேரே இருந்தது. பிடித்துக்கொள்ளும் பட்டை கைக்கு எட்டியது. முகம் பார்க்கும் கண்ணாடியில் அவள் முகம் நடுவில் விழுந்தது. ஜன்னல் கண்ணாடியைச் சுழற்றி இறக்கும் கைப்பிடி, விளக்குச் சுவிட்ச், எல்லாமே கைக்கெட்டும் இடத்தில் தயாராக இருந்தன. நிற்கிறபோது கோணலாகத் தெரிந்த அந்தப் பக்கம், இந்த உயரத்திலிருந்து பார்க்க ஒரு நூல் பிசகாமல் இருந்தது.

அவளுக்கு அந்த இருக்கையில் அப்போது யாரோ உட்கார்ந்திருப்பதுபோலவே இருந்தது.

சாயங்காலம் ஹோட்டல்காரர் வந்தார். ஊசி விளக்கம் எதுவும் சொல்லவில்லை. "ஏறி மண்டி போடுங்க சார்," என்றாள்.

"என் முட்டியைப் பத்தி உனக்குத் தெரியாது," என்று முனகிக்கொண்டே போட்டார். குழாயையும் பட்டையையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். பிறகு உள்ளேயிருந்து குரல் வந்தது, வழக்கத்தைவிட மெதுவாக: "யாரோ சின்ன உருவம். குழந்தையா?"

"குழந்தை வளர்ந்துடுமே சார். வளர்ற குழந்தைக்கு இவ்வளவு பாடுபட்டு நிரந்தரமா செய்வாங்களா?"

ஹோட்டல்காரர் அங்கேயே உட்கார்ந்து, காரை விற்ற குடும்பத்து மனிதருக்கு போன் போட்டார். கேட்டுக்கொண்டார், தலையாட்டினார், வைத்தார். "அவரோட அத்தைக்காகச் செஞ்சதாம். அவங்க உயரமே வளரலையாம். இன்னும் இருக்காங்களாம். இதோ இந்த ஊர்லயே," என்றார். "அந்தப் பக்கத்துல கைய வைக்காதே. துணி மட்டும் புதுசா போடு."

வேலை முடிந்த பிறகு, ஹோட்டல்காரர் கூப்பிட்டதன்பேரில் அந்த அம்மாள் வந்தார். காரை விற்ற மருமகன் ஓட்டிவந்த சின்னக் காரிலிருந்து அவர் இறங்குவதற்குள் பெரும்பாடாகிவிட்டது. ஊசியின் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே வரும் உயரம். வெள்ளைத் தலை, கூர்மையான பார்வை. நீளக் காரைப் பார்த்ததும் நின்றார்.

அவர் ஏறுவதற்குச் சுத்தி ஒரு முக்காலி எடுத்துவந்து போட்டான்.

"அதை எடுத்துடுப்பா," என்றார். பின்கதவருகே போய், படிப்பலகையின் ஓரத்தைக் குதிகாலால் ஒரு தட்டுத் தட்டினார். உள்ளே எதுவோ 'க்ளக்' என்றது. பலகைக்கு அடியிலிருந்து ஒரு குட்டிப்படி வழுக்கிக்கொண்டு வெளியே வந்து அவர் காலடியில் நின்றது.

அந்தப் பலகையை நாள் முழுக்கத் தேய்த்துப் பாலிஷ் போட்டவன் சுத்தி. வாயைப் பிளந்தபடி அவரைப் பார்த்தான், படியைப் பார்த்தான், மறுபடி அவரைப் பார்த்தான்.

அவர் யார் கையையும் பிடிக்காமல் ஏறி, மேடையில் இரண்டு அடி வைத்து, திரும்பி, உட்கார்ந்தார். கால்கள் தரையில் பதிந்தன. முதுகு சாய்வில் பொருந்தியது. கை, தேடாமலே கைப்பிடியில் போய் உட்கார்ந்தது. ஊசி தன் தையலைப் பார்க்கத்தான் நின்றிருந்தாள். ஆனால் தையல் அவள் கண்ணிலேயே படவில்லை. அந்தக் கார் அத்தனை வருஷமாகப் பிடித்துவைத்திருந்த மூச்சை விட்டதுபோல் இருந்தது.

"நீயும் ஏறும்மா," என்றார் அம்மாள்.

ஹோட்டல்காரரே ஓட்டினார், பக்கத்தில் சுத்தி. இன்ஜின் ஓடுகிறதா என்றே சந்தேகம் வரும்படி கார் தெருவில் நகர்ந்தது.

"சாதாரணக் கார்ல உக்காந்தா எனக்கு மரத்து உச்சியும் மொட்டை மாடியும்தான் தெரியும்," என்றார் அம்மாள், கறுப்புக் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல். "சின்ன வயசுல எனக்கு ஊர்னாலே மாடிதான். கீழ ஒரு ஊர் இருக்குன்னு இந்த வண்டி வந்தப்பறம்தான் தெரிஞ்சுது."

ஊசிக்கு ஒரு கேள்வி நாலைந்து நாளாக உறுத்திக்கொண்டிருந்தது. கேட்கலாமா என்று தயங்கினாள், கேட்டும்விட்டாள்.

"அம்மா, தப்பா நெனைக்காதீங்க. இந்தக் கண்ணாடி வெளியேருந்து தெரியாது. நீங்க ஊரைப் பாக்கணும்னு வெச்சாங்களா, ஊர் உங்களைப் பாக்கக் கூடாதுன்னு வெச்சாங்களா?"

குழாய் வழியாக அது காதில் விழுந்த சுத்தி, முன்னால் தலையில் கை வைத்துக்கொண்டான். அம்மாள் கோபப்படவில்லை.

"ரெண்டுக்கும்தான். அப்பாவுக்கு என் மேல உயிர். என்னை வெளிய காட்டவும் வெக்கம். ஒரே மனுஷனுக்குள்ள ரெண்டும் இருந்துது. மறைச்சு வைக்கணும்னுதான் அவர் பாடி கட்டுறவரைக் கூப்பிட்டாரு. அந்த ஆள் அளவெடுக்க வந்தவர், டேப்பைக் கீழ வெச்சுட்டு, என் எதிர்ல தரையில உக்காந்தாரு. 'உங்களுக்கு என்ன பாக்கணும்?'னு கேட்டாரு. அதுவரைக்கும் யாருமே என்னை அப்படிக் கேட்டதில்ல. கடையில எல்லாம் என்ன வெச்சிருக்காங்கன்னு பாக்கணும்னேன். சரின்னு எழுந்து போயிட்டாரு. அப்பா சொன்னதையும் செஞ்சாரு, நான் சொன்னதையும் செஞ்சாரு."

கடைத்தெரு வந்தது. விளக்குக் கடை, குடைக் கடை, பொம்மைக் கடை. ஊசி மெல்லச் சரிந்து, அவர் தோளுக்குப் பக்கத்தில் தலையை வைத்துப் பார்த்தாள். கடைகளின் கீழ்த்தட்டுகள் வரிசையாக ஓடின. கூடவே மனிதர்களின் கைகள், பைகள், ஓடும் குழந்தைகளின் முகங்கள். தினமும் நடக்கும் தெரு அது. இப்படி ஒரு தடவைகூட அவள் பார்த்ததில்லை.

அம்மாள் குழாயில் வாய் வைத்து, "நிறுத்துங்க," என்றார்.

கார் நின்றதும் கூட்டம் சேர்ந்துவிட்டது. முன்விளக்கைத் தொட்டுப் பார்ப்பவர்களும் படம் எடுப்பவர்களுமாக நெருக்கியடித்தார்கள். அம்மாள் தானே இறங்கி, அவர்களுக்கு நடுவே நுழைந்து, விளக்குக் கடை வாசலில் போய் நின்றார். ஒருத்தர்கூடத் திரும்பவில்லை. எல்லார் கண்ணும் காரின் மேல்.

"பாத்தியா, என்னை மறைக்கக் கண்ணாடியே வேண்டியிருந்திருக்காது," என்று பின்னாலேயே வந்த ஊசியிடம் சொல்லிச் சத்தமாகச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவரும் அவர்களை நிமிர்ந்து பார்த்துத் தலையசைத்துவிட்டு, விளக்குகள் பக்கம் திரும்பிக்கொண்டார். கிளம்பலாம் என்று ஹோட்டல்காரர் அவசரப்படுத்தவில்லை. கடையிலுள்ள ஒவ்வொரு விளக்கையும் அம்மாள் நின்று பார்த்து முடிக்கிறவரை கார் அங்கேயே நின்றது.

கார் இப்போது கல்யாணங்களுக்குப் போகிறது. போன வாரம் ஹோட்டல்காரர் போனில் புலம்பினார்: "பொண்ணும் மாப்பிள்ளையும் வலது பக்கத்துலயே நெருக்கிட்டு உக்காருறாங்கம்மா. இடது சீட்டுல யாரும் பொருந்த மாட்டேங்கறாங்க."

"அவங்க ஒண்ணும் குறை சொல்லலையே?"

"அது இல்ல. சந்தோஷமாத்தான் இருக்காங்க."

"அப்புறம் என்ன சார்?" என்று சொல்லி வைத்துவிட்டு, ஊசி அடுத்த காரின் சீட்டைப் பிரிக்க உட்கார்ந்தாள்.