மாட்டுப்பட்டியில் ஒரு தமிழன்

டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகரத் தமிழர்களில் மகனைப் பற்றிப் பெருமை பேசாத ஒரே தகப்பன் யோசேப்தான். அடக்கம் என்று நினைத்துவிடக் கூடாது. மகன் செய்கிற வேலையை எப்படி விளங்கப்படுத்துவது என்று அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

மகன் ஸ்ரிபன் அமெரிக்காவில் சம்பளத்துக்குப் பேஸ்போல் விளையாடினான். பள்ளிக்கூட வயதில், தமிழர் விளையாட்டு விழாவில், கிரிக்கெட் மைதான எல்லையில் நின்று அவன் எறிந்த பந்து நேரே போய் விக்கெட்டைச் சாய்த்ததை ஒரு டெனிஷ்காரர் கண்டார். அவர் பேஸ்போல் பயிற்சியாளர். அதற்குப் பிறகு சனிக்கிழமைதோறும் கோப்பன்ஹேகனுக்கு ரயில். பத்தொன்பது வயதில் அமெரிக்கா. பேர் தெரியாத ஊர்களில் பஸ் ஏறி இறங்கிப் பல வருடம் அலைந்தபின் பெரிய லீக் அணி ஒன்று அவனை எடுத்தது.

அவன் ரிலீஃப் பிட்சர். ஆட்டத்தைத் தொடங்குகிற பந்துவீச்சாளர் களைத்துப்போனால், அல்லது அடிவாங்கத் தொடங்கினால், கடைசி நேரத்தில் உள்ளே வந்து ஒன்பது இன்னிங்ஸில் ஒன்றை எறிந்து மானத்தைக் காப்பாற்றுகிறவன். அதுவரை மைதான ஓரத்தில் இருப்பான்.

ஒரு பிறந்தநாள் விழாவில் தமிழ்ச் சங்கத் தலைவர் சிறீஸ்கந்தராசா யோசேப்பைப் பிடித்துக்கொண்டார்.

"யோசேப் அண்ணை, உங்கட பெடியன் ஒரு மச்சிலை எவ்வளவு நேரம் விளையாடுவான்?"

"ஒரு பத்துப் பதினைஞ்சு நிமிசம்."

"மிச்ச நேரம்?"

"இருப்பான்."

"சும்மாவோ?"

யோசேப் ஓர் உவமை தேடினார். மனைவி விமலராணி முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள். அங்கே ஆள் வராத நாட்களில் பதிலுக்கு வருகிறவரை டெனிஷில் 'விகார்' என்பார்கள். நல்ல உதாரணம் என்று நினைத்து, "விகார் மாதிரி எண்டு வையுங்கோவன்" என்று சொல்லிவிட்டார்.

தலைவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"விகாரோ? அப்ப இன்னும் நிரந்தரமாக்கேல்லையோ?"

அந்த வாரமே செய்தி பக்கத்து நகரமான சில்க்போர்க் வரை போய்ச் சேர்ந்தது. அங்கிருந்து ஸ்ரிபனுக்குப் பேசிவந்த சம்பந்தம், பெண் மேலே படிக்கப்போவதாகச் சொல்லி ஓய்ந்தது.

அடுத்த ஞாயிறு தலைவர் போனை நீட்டியபடி யோசேப் வீட்டுக்கே வந்துவிட்டார். ரிலீஃப் பிட்சர்கள் காத்திருக்கும் இடத்துக்கு அமெரிக்கர்கள் 'புல்பென்' என்று பேர் வைத்திருப்பதை அவர் கண்டுபிடித்திருந்தார்.

"புல் எண்டால் காளை. பென் எண்டால் பட்டி. அண்ணை, எங்கட பெடியனை மாட்டுப்பட்டியிலை அடைச்சு வைச்சிருக்கிறாங்கள்!"

"இல்லைத் தலைவர், அது சும்மா பேர். வெள்ளைக்காரரும் அதுக்குள்ளைதான் இருக்கினம்."

"உங்களுக்கு அப்பிடித்தான் சொல்லி வைச்சிருப்பாங்கள்."

சங்கம் அவசரமாகக் கூடியது. அந்த அணிக்கு அனுப்ப ஒரு மனு தயாரானது: தமிழ் இளைஞனை மாட்டுப்பட்டியிலிருந்து விடுவிக்க வேண்டும், மற்றவர்களைப் போல முதலிலிருந்தே விளையாட விட வேண்டும். தேர்தல் கிட்டியிருந்ததால் நகரசபை உறுப்பினர் ஒருவரும் ஆதரவு தந்து, பேஸ்போல் மட்டையைத் தலைகீழாகப் பிடித்தபடி படம் எடுத்துக்கொண்டார். ஆங்கிலத்தைத் திருத்தித் தரும்படி யோசேப்பின் மகள் கிளோறியாவிடம் கொடுத்தார்கள். அவள் வாசித்துவிட்டு, "நேய், ஃபார்" என்றாள். தகப்பனிடம் மாட்டேன் என்பதை அவள் எப்போதும் டெனிஷில்தான் சொல்வாள்.

முதல் கையெழுத்துத் தகப்பனுடையதாக இருக்க வேண்டும் என்று எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். பிழை என்று யோசேப்புக்குத் தெரியும். ஆனால் ஆட்டம் தொடங்கும்போது, அரங்கம் முழுக்க எழுந்து நிற்கையில், நடுவில் தன் மகன் நிற்பதைப் பார்க்க அவருக்கும் ஓர் ஆசை உள்ளுக்குள் கிடந்தது. போட்டுவிட்டார்.

அந்த அணி அந்த வருடம் கடைசி இடத்தில் கிடந்தது. தொடங்கி எறிகிற இரண்டு பேருக்குக் கையில் காயம். அணியின் விளம்பரப் பிரிவுக்கு மனு தேனாக இனித்தது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தை ஸ்ரிபனே தொடங்குவான் என்று அறிவித்தார்கள்.

அங்கே மத்தியானம், இங்கே பின்னேரம். சங்க மண்டபத்தில் பெரிய திரை, தட்டு நிறைய றோல்ஸ், மாலை போட்ட ஸ்ரிபனின் படம். தலைவர் குத்துவிளக்கேற்றிப் பேசி முடிக்கும்போது முதல் இன்னிங்ஸ் முடிந்திருந்தது. அதில் ஸ்ரிபன் அடிக்க வந்த மூவரையும் சுருட்டி அனுப்பியதை ஒருவரும் பார்க்கவில்லை.

இரண்டாவதில் பந்து இலக்குத் தவறத் தொடங்கியது. ஒரு இன்னிங்ஸில் முழுப் பலத்தையும் கொட்டப் பழகிய கை அது. மூன்றாவதில் எதிரணிக்காரன் அடித்த அடி மைதானத்தைத் தாண்டி ஆட்களுக்குள் போய் விழுந்தது.

"சிக்ஸர்!" என்று மண்டபம் எழுந்து கைதட்டியது.

அடுத்த பந்தும் அப்படியே. விசில் பறந்தது. ஒருவர் மேசையில் தாளம் போட்டார்.

"தட்டாதேங்கோ," என்றார் யோசேப். "அடிவாங்கிறது எங்கட பிள்ளை."

யாருக்கும் கேட்கவில்லை. திரையில் ஸ்ரிபன் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தான். அணி மேலாளர் நடந்து வந்து அவன் கையிலிருந்த பந்தை வாங்கினார். வேறொருவன் ஓடி வந்தான்.

"ஆர் இவன், எங்கட பெடியன்ர இடத்தைப் பிடிக்கிறவன்?" என்றார் தலைவர்.

"அவர்தான் ரிலீஃப் பிட்சர்," என்றார் யோசேப்.

"ஓ, விகார்!" என்று சொல்லி அவர் கதிரையில் சாய்ந்தார்.

இரண்டு நாளில் ஸ்ரிபனைச் சிறிய லீக்குக்குத் திருப்பி அனுப்பினார்கள். அவன் தொலைபேசி எடுத்தபோது விமலராணி பேசி அழுது முடித்து, போனைக் கணவனிடம் கொடுத்தாள்.

"அப்பா, அந்த மனுவை எனக்குக் காட்டினவங்கள்."

"ம்."

"முதல் கையெழுத்து உங்கட."

"நீ முன்னுக்கு நிக்கிறதைப் பாக்க ஆசைப்பட்டுட்டன், ராசா."

"முடிக்கிறதுதான் என்ர வேலை, அப்பா. அதுக்குத்தான் என்னை எடுத்தவங்கள்."

கோபமாகச் சொல்லியிருந்தால் யோசேப் தாங்கியிருப்பார்.

சங்கம் இதை வெற்றியாகவே எடுத்துக்கொண்டது. சமவுரிமை கிடைத்ததற்கு ஒரு கேடயம் செய்து, வாங்க வரும்படி தகப்பனை மேடைக்கு அழைத்தார்கள். யோசேப் ஏறி, ஒலிவாங்கியைப் பிடித்தார். "நாங்கள் எல்லாருமாச் சேர்ந்து அவன்ர வேலையைப் பறிச்சுப்போட்டம். முதல் ஆள் நான்," என்றார். கேடயத்தை வாங்காமல் இறங்கினார். தலைவர் கண் கலங்கி, தகப்பன் உணர்ச்சிவசப்பட்டுவிட்டதாக அறிவித்து, கேடயத்தைத் தானே பெற்றுக்கொண்டார்.

அடுத்த கோடையில் பெரிய லீக்கின் இன்னோர் அணி ஸ்ரிபனை எடுத்தது. கடைசி இன்னிங்ஸுக்குத்தான். யோசேப் தான் வேலை செய்யும் கிடங்கில் லீவு எடுத்து முதன்முறையாக அமெரிக்கா போனார். வேலியோரம், புல்பென்னை ஒட்டிய இருக்கையாகக் கேட்டு வாங்கினார். அன்று மகனை ஒருவரும் கூப்பிடவில்லை. அவன் கால்நீட்டி இருந்து சூரியகாந்தி விதை கொறித்தான். இடையில் வேலிக்குள்ளால் ஒரு கைப்பிடி தகப்பனுக்கும் கொடுத்தான். உமியை எங்கே துப்புவது என்று தெரியாமல் யோசேப் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அணி வென்றது. சனம் எழும்பிப் போகத் தொடங்கியது.

"பசிக்குதோ, அப்பா?" என்று வேலிக்கு உள்ளேயிருந்து ஸ்ரிபன் கேட்டான்.

"இன்னும் கொஞ்ச நேரம் இருப்பம்," என்றார் யோசேப்.