மூன்றாம் பட்டை

வினுவோ கட்டையை ஓங்கி அடித்தாள். ஊடை நூல் நெருங்கி உட்கார்ந்தது. இடுப்பில் கட்டிய தறியின் மறுமுனையை வாசல் கம்பத்தில் மாட்டியிருந்தாள், உள்ளே படுத்திருக்கும் அப்பாவின் காதில் சத்தம் விழட்டும் என்று. சத்தம் நின்றால் மனுஷனுக்குப் பொறுக்காது.

"என்னடி, கட்டை தூங்கிருச்சா?"

"நூல் அறுந்துச்சுப்பா. முடிச்சுப் போடறேன்."

"இன்னும் எத்தனை சாண்?"

"நாலு."

"நேத்தும் நாலுதான் சொன்னே." இருமல் வந்து அடங்கியது. "நான் வேணா இன்னும் கொஞ்சம் மெதுவாச் சாகட்டுமா?"

"சாவு என்னமோ உன் கையில இருக்கற மாதிரிதான். வாயை மூடிட்டுப் படுப்பா."

அவர்கள் மலையூர் தெசோமாவில் ஆண்பிள்ளையின் போர்வை மூன்று பட்டை. தனித்தனியாக நெய்து ஒன்றாகத் தைப்பார்கள். இரண்டு பட்டை முடிந்து அவர் தலைமாட்டில் மடித்துக் கிடந்தது. மூன்றாவது தறியில். ஊரில் சாவு விழுந்தால் ஐந்து நாள் எவளும் தறியைத் தொடக்கூடாது. தொட்டால் அந்த வருஷ நெல் ஊருக்கே பதராகிவிடும். ஆகவே அவள் நெய்வது அப்பாவின் மூச்சோடு போட்டி போட்டுக்கொண்டு.

வாசலுக்கு வெளியே வேலிக்கம்பத்தில் அந்தச் சிவப்புப் போர்வை மழையில் நனைந்துகொண்டிருந்தது. இருபத்திரண்டு வருஷமாக அதன் இடம் அதுதான்.

துரையின் பட்டாளம் ஊரைக் கொளுத்திய அன்று, "உங்க தலைவன் எவன்?" என்று கேட்டார்களாம். தெசோமாவில் எவன் சொல்லையும் எவன் கேட்டான், தலைவன் இருப்பதற்கு? எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருக்கிறார்கள். எரியும் தன் களஞ்சியத்துக்குத் தண்ணீர்க் குடம் தூக்கிக்கொண்டு ஓடிய வினுவோவின் அப்பா நெய்லூதான் பட்டாளத்தான் கண்ணில் முதலில் பட்டார். பிடித்து நிறுத்தித் தோளில் சிவப்பைப் போட்டு, நீதான் இனி காவ்ன்புரா, ஊருக்கு நீதான் பொறுப்பு, என்று சொல்லிவிட்டார்கள். மறுத்தால் மறுபடி வீடு கட்ட விடமாட்டார்கள். குடத்தைக்கூட இறக்கி வைக்காமல் நின்றிருந்தார் என்று ஊரில் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள்.

துரை மலைச்சுற்று வரும்போதெல்லாம் மூட்டை தூக்க ஆள் அனுப்ப வேண்டியது காவ்ன்புராவின் வேலை. அனுப்பினார். அன்றைக்கு மட்டும் சிவப்பைப் போட்டுக்கொள்வார், வீடு திரும்பினால் வேலியில் மாட்டிவிட்டுத்தான் உள்ளே வருவார். பட்டாளம் வைத்த தீயில் போன பட்டைப் போர்வைக்குப் பதிலாக இன்னொன்று நெய்து தருகிறேன் என்று வினுவோவின் அம்மா கேட்டபோது, "சொந்த ஜனத்தைச் சுமை தூக்க அனுப்பறவனுக்கு அது எதுக்கு?" என்று மறுத்துவிட்டார். அவள் சாகும்வரை கேட்டும் வெறும் கறுப்புத் துணிதான் கட்டினார்.

போன மாதம், நாற்று நடும் நேரத்தில், நாற்பது ஆள் வேண்டும் என்று உத்தரவு வந்தது. கிழவர் ஒரு ஆளையும் அனுப்பவில்லை. கூடையை எடுத்து நார்ப்பட்டையை நெற்றியில் மாட்டிக்கொண்டு தான் ஒருவராகவே போனார். துரையின் இரும்புப் பெட்டியை மூன்று நாள் மழையில் மலையேற்றினார். காய்ச்சலோடு திரும்பி வந்து படுத்தவர் மகளிடம் கேட்டது ஒன்றுதான். "இப்ப நெய்யி. இப்பப் போத்திக்கலாம்."

மூன்று சாண் பாக்கி இருக்கும்போது உள்ளே மூச்சுச் சத்தம் மாறியது. வினுவோ இன்னும் இரண்டு அடி அடித்தாள். "அப்பா?" என்றாள். மறுபடி அடிக்கக் கை ஓங்கினாள். அப்படியே நின்றது கை.

மதியத்துக்குள் வீட்டுக்கு முன்னால் குழி வெட்டிவிட்டார்கள். அப்போதுதான் துபாஷி பெலூசோ வந்து சேர்ந்தான். துரைக்கு நம் பேச்சைச் சொல்லும் ஆள், பக்கத்து மலைக்காரன். வழியில் இன்னொரு ஊரில் பிடித்த ஆள் ஒருவன் அவன் மூட்டையை ஊர்வாசலில் இறக்கிவிட்டு, சாவு ஊருக்குள் வரமாட்டேன் என்று திரும்பி ஓடிவிட்டான்.

துபாஷி மூட்டையிலிருந்து புத்தம்புதுச் சிவப்புப் போர்வையை எடுத்தான். "கிழவர் படுத்துட்டாருன்னு கேள்விப்பட்டதும் துரையே குடுத்தனுப்பினாரு. இந்த வயசுல தன் தலையிலயே பெட்டி சுமந்தாரே, இப்பேர்ப்பட்ட விசுவாசத்தைப் பாத்ததே இல்லைன்னு சொன்னாரு. இதைப் போத்தித்தான் புதைக்கணுமாம். சுத்துப்பட்டு ஊரெல்லாம் பாக்கணும்."

வினுவோவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கவில்லை. "விசுவாசமா? இதைப் போத்திட்டுப் போனா, செத்தவங்க ஊரு வாசல்ல காவல் நிக்கிறவன் போர்வையைப் பாத்து நீ யார் வீட்டு ஆளுன்னு கேப்பானே, அங்க என்னய்யா சொல்லுவாரு? துரை வீட்டுக் கூலின்னா? எடுத்துட்டுப் போ."

"அக்கா, கொஞ்சம் பேசாம இரு." தம்பி ஜாவிசே எழுந்து வந்தான். துபாஷி அவன் பக்கம் திரும்பி, அடுத்த காவ்ன்புரா யார் என்று துரை இன்னும் முடிவு செய்யவில்லை என்றான். அவ்வளவுதான் சொன்னான். காவ்ன்புராவுக்குச் சுமை கிடையாது. ஜாவிசேக்கு மூன்று சின்னக் குழந்தைகள், நடாத வயல் பாதி.

"உன் போர்வை இன்னும் முடியலக்கா. என்ன பண்ணச் சொல்றே?"

ஊர்ப்பூசாரி குழிக்குப் பக்கத்தில் அரிசிக்கள் குடுவையோடு உட்கார்ந்திருந்தார். "ரெண்டு பட்டை ஆம்பளைப் போர்வை இல்ல," என்றார். "அது வெறுந்துணி. ஒண்ணு முழுசாப் போத்தணும், இல்ல போத்தாம விடணும்."

வினுவோவின் கண் தறிப் பக்கம் போனது. அவள் ஒரு எட்டு வைத்ததும் பெண்கள் எல்லோரும், "ஐயோ, தொட்டுறாதடி!" என்று கத்தினார்கள். நின்றாள். ஊரின் சோறு அது. தொட முடியாது.

ஜாவிசே துபாஷியின் கையிலிருந்து சிவப்பை வாங்கி உதறி விரித்தான். வினுவோ அப்பாவின் மேல் குனிந்து இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டாள். அழுகை எல்லாம் ஆத்திரமாகத்தான் வந்தது.

"நாப்பது ஆளுல உன் பேரும் இருந்துச்சுடா. அவரு கூடையை மாட்டிட்டு உன் வயலைத் தாண்டித்தானே போனாரு? நானும் வரேன்னு ஒரு வார்த்தை சொன்னியா? கையில நாத்தோட குனிஞ்சுட்டேதானே இருந்தே?"

"திரும்பிப் பாக்காதடா, நாத்து வாடிரும்னு அவருதான் சொன்னாரு."

"சொன்னாரு. நீயும் பாக்கல."

ஜாவிசே விரித்த போர்வையோடு நின்றான். குழிக்குள் மண் கொஞ்சம் சரிந்து விழும் சத்தம் கேட்டது. பிறகு அவன் போய், வேலிக்கம்பத்தில் பழைய சிவப்பின் மேலேயே புதியதையும் மாட்டினான். திரும்பி வந்து தரையில் உட்கார்ந்தான். தோளில் கிடந்த தன் பட்டைப் போர்வையை மடியில் போட்டு, கத்தி முனையால் ஓரப் பட்டையின் தையலைப் பிரிக்க ஆரம்பித்தான்.

"என்னடா செய்யற?" என்றான் துபாஷி.

"பாத்தாத் தெரியல?"

"துரைகிட்ட நான் என்னன்னு போய்ச் சொல்ல?"

"பாத்ததைச் சொல்லு. நாங்க சொல்றதை நீ மாத்திச் சொல்லிச் சொல்லித்தானே அவரு அப்பாவை விசுவாசின்னு நினைச்சாரு."

துபாஷி பூசாரியைப் பார்த்தான். "சாவு வீட்டுல இன்னிக்குத் தையலும் ஆகாது, இல்ல?"

பூசாரி ஒரு வாய் குடித்துவிட்டு மெதுவாக மீசையைத் துடைத்தார். "தறிதான் ஆகாது. ஊசியைப் பத்தி எந்தக் கிழவனும் எனக்குச் சொன்னதில்ல."

ஜாவிசே பிரித்த பட்டையை அக்காவிடம் நீட்டினான். சாயம் வெளுத்தது, ஓரத்தில் அவன் சுங்கான் நெருப்புப் பட்ட ஓட்டை. வினுவோ அதை இரண்டு புதுப் பட்டையோடு சேர்த்துத் தைத்தாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்கள். அவசரத் தையல்தான், கோணல்மாணல்தான். மூன்று பட்டை.

போர்த்தினார்கள். ஈட்டியைப் பக்கத்தில் வைத்தார்கள். மண்ணைத் தள்ளி மேலே கல் அடுக்கினார்கள்.

துபாஷி கிளம்பும்போது தன் மூட்டையைப் பார்த்தான், கூட்டத்தைப் பார்த்தான். நாற்பது பேருக்கு மேல் இருந்தார்கள். ஒருவனும் அசையவில்லை. ஒரு பையனைக் கைகாட்டினான். பையன் வானத்தைப் பார்த்தான். கடைசியில் துபாஷியே குனிந்து மூட்டையைத் தூக்கித் தலைப்பட்டையைச் சரிசெய்துகொண்டு, வழுக்கும் படிகளில் இறங்கிப் போனான். பூசாரி, "பாத்துப் போப்பா, பழக்கம் இல்லாத கழுத்து!" என்றார்.

தூறல் வலுத்தது. எல்லோரும் கலைந்து போனார்கள். தறியை வாசல் கம்பத்திலிருந்து அவிழ்க்கவும் முடியாது, தொடக்கூடாதே; வினுவோ ஓர் ஓலைப் பாயைத் தூக்கி அதன் மேல் படாமல் சாய்த்து வைத்தாள். ஜாவிசே கூரை ஓரத்துக்கு அடியில் உட்கார்ந்திருந்தான். இரண்டு பட்டையை எப்படி இழுத்துவிட்டாலும் ஒரு தோள் வெளியே நின்றது, அதில் சாரல் அடித்தது. வேலியில் சிவப்பு இரண்டும் சொட்டிக்கொண்டிருந்தன. அவன் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"குளிருதாடா?"

"இல்ல."

தறிக்கு மேல் சாய்த்திருந்த பாயைப் பார்த்தான்.

"இன்னும் எத்தனை சாண்க்கா?"

"மூணு," என்றாள்.