ஏபிஎஸ்ஸைக் கழற்றுவதா, வேண்டாமா

1.

இந்தக் கதை மேனாம்பேட்டில், முகமது ஆசிக்கின் ஒர்க்‌ஷாப்பில், ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தபோது தொடங்கியது. முதல் வரியை இப்படி எழுதினேன்:

இருபத்தாறு வயது ஜீவா தன் காரிலிருந்து ஏபிஎஸ்ஸைக் கழற்ற முடிவு செய்த அன்று அம்பத்தூரில் மழை

அடித்துவிட்டேன். மழை இல்லை. ஜீவாவும் இல்லை. சக்கரம் இறுகி வழுக்காமல் பார்த்துக்கொள்ளும் அந்த பிரேக் பொறியைக் கழற்ற ஆசைப்பட்டவள் நான், வயது ஐம்பத்திரண்டு. [இளைஞனுக்கு இந்த ஆசை வந்தால் யாரும் காரணம் கேட்பதில்லை. அதனால்தான் அவனிடம் கொடுத்துப் பார்த்தேன்.]

2.

காரின் உயரத்தைக் குறைத்து, அகலச் சக்கரங்கள் போட்டுத் தந்தவர் ஆசிக். அதற்கெல்லாம் சிரித்துக்கொண்டே தலையாட்டியவர், இதற்கு ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

“இன்னாக்கா, சின்னப் பசங்க மாதிரி கேக்குற? அத்த கயட்னா பின் வீலு மொதல்ல லாக் ஆவும். வண்டி அப்டியே சுத்திக்கினு போவும்.”

“பின் வீலு லாக் ஆகாம வேற வால்வு போடலாம்னு சொன்னியே?”

“போடலாம். இப்ப ஏபிஎஸ் ஃபியூஸ மட்டும் புடுங்கித் தரேன். ஒரு வாரம் ஓட்டிப் பாரு, அப்பால பேசலாம். தனியா ஓட்டு, இன்னா? யாரையும் ஏத்திக்காத.”

3.

காரணம் ரேஷ்மா.

தொண்ணூற்றெட்டில் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரே அலுவலகத்தில் இருந்தோம். இருவரும் சேர்ந்து ஓர் ஓட்டைக் காரை வாங்கினோம். ஞாயிற்றுக்கிழமைகளில் கம்பெனிகள் மூடியிருக்கும். தெரு முழுக்க எங்களுடையது. நான் பிரேக்கை மிதித்ததும் சக்கரம் இறுகி வழுக்கும். பக்கத்து இருக்கையில் அவள் தன் காலையும் தரையில் உதைத்துக்கொண்டு கத்துவாள்: “விட்டு விட்டு மிதிடீ, எருமை!”

இன்றைய காரில் ஏபிஎஸ் அதைத்தான் செய்கிறது. ஓங்கி மிதித்தால் பெடல் பாதத்துக்கடியில் படபடக்கிறது. தானே விட்டு விட்டுப் பிடிக்கிறது. ரேஷ்மாவின் வேலையை அது பிடுங்கிக்கொண்டது.*

* மிகை. அவள் கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போனதற்கும் பிரேக்குக்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் இந்த வாக்கியத்தை எடுக்க மனம் வரவில்லை.

4.

போன வாரம் ரேஷ்மா கொரட்டூரில் மகன் வீட்டுக்கு வந்தாள். ஒரு மாதம் இருப்பாளாம். ஞாயிறு காலை அவளை ஏற்றிக்கொண்டேன்.

ஃபியூஸ் இல்லாததால் மீட்டரில் ஒரு மஞ்சள் விளக்கு எரியும். அதன் மேல் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டியிருந்தேன்.

“இது இன்னாடி, இங்க பொட்டு?”

“திருஷ்டிக்கு.”

எஸ்டேட் தெருவில் மாடு ஒன்று குறுக்கே வந்தது. மிதித்தேன். இத்தனை வருடம் பொறியை நம்பிய கால், விடுவதை மறந்திருந்தது. கார் பக்கவாட்டில் சுற்றி, ஒரு கேட்டுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. நான் எதிர்பார்த்த குரல் வரவில்லை. “ஐயோ” என்று மட்டும் கேட்டது.

பிறகு அவள் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

“ரோட்ல எவ்ளோ மண்ணு பாரு! உன் திருஷ்டிப் பொட்டுதான்டி காப்பாத்துச்சு. எத்தினி வருசம் ஆச்சு இப்டி! அடுத்த ஞாயிறு நான் ஓட்றேன், சொல்லிட்டேன்.”

நானும் சிரித்தேன். மண் என்றே இருக்கட்டும் என்று

5.

முடிவுகள் இரண்டு எழுதிப் பார்த்தேன். ஒன்றில் ஆசிக் ஃபியூஸைத் திரும்பப் போடுகிறார், ரேஷ்மா ஓட்டுகிறாள், நாங்கள் மகன்களைப் பற்றிப் பேசிக்கொண்டு ஒழுங்காக வீடு திரும்புகிறோம். சலிப்பாக இருந்தது. இன்னொன்றில் பொறியைக் கழற்றிவிடுகிறோம், ரேஷ்மா மிதிக்கிறாள், நான் கத்துகிறேன். அதில் கார் எங்கே போய் நிற்கிறது என்று எழுத என்னால் முடியவில்லை.

இன்று சனி. ஆசிக் இரண்டு முறை அழைத்துவிட்டார். “இன்னாக்கா, போட்றதா, கயட்றதா?”

நீங்கள் எந்த முடிவை எடுத்துக்கொண்டாலும் எனக்குச் சம்மதம். ரேஷ்மா கையில் சாவியைக் கொடுப்பதற்கு முன் அவளிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். நான் இன்னும் சொல்லவில்லை.