இப்போது உங்களுக்குத் தெரியும்

துப்பாக்கிச் சந்தையில் உப்புக்கண்டம் விற்றுக்கொண்டிருந்த மார்லா, டர்க்கை எதிர்க்கடையில் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். உரிமம் பெற்ற கடைக்காரர் அவனிடம் படிவத்தை வாங்கினார், அவன்மேல் தடை ஏதும் உண்டா என்று அரசு அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கேட்டார். பிறகு கைத்துப்பாக்கியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் திருப்பி வைத்துவிட்டார். ஏன் என்று டர்க் கேட்கவில்லை. கேட்பானேன்? மார்லாவின் அக்கா ட்ரினாவைத் தாடை பெயரும்படி அடித்த புருஷன் அவன். அவள் பக்கம் போகக் கூடாது, துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்று போன மாதம்தான் நீதிபதி உத்தரவு போட்டிருந்தார்.

மார்லாவுக்கு உயிர் வந்தது. அரை நிமிஷம்தான்.

டர்க் அடுத்த வரிசைக்குத் திரும்பினான். அங்கே எல்லாம் சொந்தத் துப்பாக்கியை விற்க வந்தவர்கள். படிவம் கிடையாது, போன் கிடையாது. கென்டக்கி மாநிலத்தில் அதற்கும் பழைய சோபாவை விற்பதற்கும் பெரிய வித்தியாசமில்லை. ஒரே மண்டபம், நடுவில் நாலடி நடைபாதை. அதைத் தாண்டி அவன் வாங்கிவிட்டால் ட்ரினா செத்தாள்.

கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள்.

டர்க் ஒரு துப்பாக்கியைக் கையில் வைத்து எடைபார்த்துக்கொண்டிருந்தான். மேஜைக்காரர் ஓரின், அறுபதைத் தாண்டியவர், அவனுடைய ஓட்டுநர் உரிமத்தில் மாநிலத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“நம்ம மாநிலந்தான். அது போதும். மத்ததெல்லாம் நான் கேக்கறதில்ல, தம்பி.”

“விக்காதீங்க, பெரியவரே!” மார்லாவுக்கு மூச்சிரைத்தது.

டர்க் சிரித்தான். “வா மச்சினிச்சி. கறித்துண்டெல்லாம் வித்துத் தீந்துதா?”

“இவன் மேல கோர்ட்டு உத்தரவு இருக்கு. எங்கக்காவ அடிச்சதுக்கு. துப்பாக்கியத் தொடவே கூடாது. இப்பதான் எதிர்க்கடையில இல்லன்னு அனுப்பினாங்க.”

“உங்க குடும்பச் சண்டைய எங்கிட்ட கொண்டாராத. நான் யாரையும் விசாரிக்கணும்னு சட்டம் சொல்லல.”

“விசாரிக்க வேணாம். ஆனா தெரிஞ்சே வித்தா நீங்க உள்ள போவீங்க. இதுவரைக்கும் உங்களுக்குத் தெரியாது. இப்ப நாலு பேர் முன்னாடி நான் சொல்லிட்டேன்.”

“எனக்குக் காது மந்தம்னு சொன்னா?”

“இப்ப மட்டும் எப்படி பதில் வந்துச்சு?”

யாரோ சிரித்தார்கள். ஓரின் முகம் சிவக்கத் துப்பாக்கியை வாங்கித் துணிக்கடியில் தள்ளினார்.

டர்க் அவள் காதருகே குனிந்தான். “இன்னும் அறுபது மேஜ இருக்கு. ஓடு.”

அவன் ஐந்தாவது மேஜைக்குப் போய் நின்றான். கூச்சல் கேட்டு வாசலில் இருந்த காவலாளிகள் இருவர் மார்லாவை நோக்கி வந்துகொண்டிருந்தார்கள். வெளியே தள்ளுவார்கள். அறுபது மேஜைக்கு அவள் எங்கே ஓடுவது?

அந்த மேஜைக்காரன் லாயிட் அங்கிருந்தே ஓரினிடம் கத்தினான். ஒருவர் மேஜையில் வாங்காமல் வந்தவனைப் பற்றி அவரிடமே ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது அந்த வரிசையில் வழக்கம்.

“என்ன ஓரின், கைக்கு வந்த ஆள விட்டுட்ட? ஏதும் வில்லங்கமா?”

ஓரின் காதில் விழாதவர்போல் மேஜைத் துணியை இழுத்துவிட்டார். கெஞ்சினால் இந்த ஆள் முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று மார்லாவுக்குத் தெரிந்துவிட்டது.

“விடுங்க,” என்றாள். “உங்க வியாபாரம் லாயிட்டுக்குப் போகட்டும்.”

சுருக்கென்று தைத்திருக்க வேண்டும். ஓரின் எழுந்தே விட்டார். “லாயிட்! அவன் மேல கோர்ட்டு உத்தரவாம்! எனக்கும் தெரிஞ்சுபோச்சு, உனக்கும் தெரிஞ்சுபோச்சு! நான் மட்டும் நஷ்டப்படணுமா?”

நல்ல மனசெல்லாம் இல்லை, வெறும் வயிற்றெரிச்சல். லாயிட் கையை விரித்தான். அவனுக்கு அடுத்தவன், டர்க் வருவதற்கு முன்பே மாட்டேன் என்று தலையாட்டினான். அதற்கடுத்தவன் பெட்டியை மூடினான்.

காவலாளிகள் மார்லாவின் கையைப் பிடித்து வெளியே கொண்டுவந்து விட்டபோது, டர்க் அவளைத் தாண்டிப் போனான். அவள் அவனுடைய கைகளைப் பார்த்தாள். இரண்டும் வெறுங்கை. அவன் வண்டி மேற்கே திரும்பியது. அவள் போனை எடுத்தாள்.

“அக்கா, டர்க் இங்க துப்பாக்கி வாங்க வந்தான். பாப்பாவத் தூக்கிட்டு வீட்ட விட்டுக் கிளம்பு.”

“வாங்கிட்டானா?”

“இல்ல. மேற்கால போறான்.”

“மேற்கால என்ன இருக்கு?”

“பக்கத்து ஊர்த் துப்பாக்கிச் சந்தை. நாளைக்குக் காலைல ஒம்பது மணிக்கு.”

போனில் அக்கா சாவியைத் தேடும் சத்தம் கேட்டது. பின்னால் குழந்தை எதற்கோ அழுதது.

“நீ கிளம்புக்கா,” என்றாள் மார்லா. “எட்டரைக்கே நான் அங்க இருப்பேன்.”