வலை நிறைய மஞ்சள்

வலை கரைக்கு வந்ததும் எல்லாரும் கைதட்டினார்கள். கௌசல்யா மட்டும் கைதட்டவில்லை.

கைதட்டியவர்களைக் குறை சொல்வதற்கில்லை. இழுவலையின் மடியில் நாற்பது, ஐம்பது செபராவ் மீன்கள், நம் கெண்டை ஜாதிதான், துள்ளிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றின் முதுகுத் துடுப்புக்கு அடியிலும் விரல் நீளத்துக்கு ஒரு மஞ்சள் இழை தொங்கியது. ஐந்து மாதத்துக்கு முன்னால் மீன் ஆராய்ச்சிக்காரி கௌசல்யா தன் கையாலேயே குத்திவிட்ட அடையாள இழை, டேக் என்பார்கள். தூண்டில் சங்கத் தலைவர் பழனியப்பன் பூரித்துப் போய்விட்டார். "பாத்தீங்களா, எல்லாமே நம்ம டாக்டர் டேக் போட்ட மீனு. ஒண்ணுகூடத் தப்பல" என்று வந்திருந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். ஆளாளுக்கு ஃபோனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள்.

ஒன்றுகூடத் தப்பவில்லை என்பதுதான் சிக்கல். தப்பியிருக்க வேண்டும். பத்தில் ஒன்பது மீனாவது இழையில்லாமல் வந்திருக்க வேண்டும்.

ஒரு குளத்தில் எவ்வளவு மீன் இருக்கிறது என்று பார்க்கத் தண்ணீரை இறைத்துவிட்டு எண்ண முடியாது. அதற்கு வேறு வழி இருக்கிறது. பெரிய வித்தை ஒன்றுமில்லை. டின்னில் இருக்கும் கடலையில் ஒரு பிடி எடுத்து மஞ்சள் தடவுங்கள். திரும்ப டின்னில் போட்டுக் குலுக்கி இன்னொரு பிடி அள்ளுங்கள். கையில் மஞ்சள் கடலை ஒன்றோ இரண்டோதான் வந்தது என்றால் டின் நிறையக் கடலை இருக்கிறது. பாதிக்குப் பாதி மஞ்சள் என்றால் சரக்கு குறைவு. அள்ளியது அத்தனையும் மஞ்சள் என்றால், நீங்கள் தடவிப் போட்ட அந்த ஒரு பிடியைத் தவிர டின்னில் வேறு கடலையே கிடையாது.

கௌசல்யா மஞ்சள் குத்தி விட்டது இருநூறு சொச்சம் மீனுக்கு. அந்தப் பெரிய குளத்தில் அவ்வளவுதானா இருக்கிறது?

இருக்காது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். டெங்கிலுக்கு அப்பால், செம்பனைக் காட்டுக்கு நடுவே, ஈயம் தோண்டிவிட்டுப் போன பள்ளத்தில் தண்ணீர் நிறைந்து உண்டான குளம் அது; இப்போது தூண்டில் சங்கத்தின் பொறுப்பில் இருக்கிறது. அதை ஆராய்ந்து, 'செபராவ் மண்டிக் கிடக்கிறது, வேட்டை மீன் விட்டால் ஒன்றும் குறைந்துவிடாது, பிடிக்கிறவர்கள் வீட்டுக்கும் கொண்டுபோகலாம்' என்று இரண்டு மாதத்துக்கு முன் எழுதிக் கொடுத்தவளே அவள்தான். அதை நம்பித்தான் பந்திங்கிலிருந்து ஒரு லோரி வந்துகொண்டிருந்தது. லோரி நிறையத் தோமான் குஞ்சுகள். தோமான் நம் விரால் ஜாதிதான்; ஆனால் வளர்ந்தால் முழங்கை தாண்டும், சின்ன மீன் எதையும் விட்டுவைக்காது. தூண்டில்காரர்களுக்கு அதைப் பிடிப்பதில்தான் கிறுக்கு. ஒன்பது மணிக்கு ராகு காலம் பிறப்பதற்குள் தோமானைத் தண்ணீரில் விட்டுவிட வேண்டும் என்று பழனியப்பன் சொல்லியிருந்தார். வலை போட்டதுகூட விருந்தாளிகளுக்கு வேடிக்கை காட்டத்தான்.

படகோட்டி வந்திருந்த லோகேஷிடம் மேற்குக் கரையில் இன்னொரு தடவை வலை இழுக்கச் சொன்னாள். மூன்று வருஷமாக அவளோடு வேலை செய்கிறவன். அவள் முகத்தைப் பார்த்ததுமே அவன் ஏன் என்று கேட்கவில்லை. வலை வந்தது. மீன் குறைவு. ஆனால் அங்கேயும் மஞ்சள், மஞ்சள், மஞ்சள். இழையில்லாத செபராவ் ஒன்றைக் கண்ணால் பார்த்துவிட மாட்டோமா என்று வலையின் மடியைக் கையால் துழாவினாள். பேருக்கு ஒன்று இல்லை. லோகேஷ் வலைக்கயிற்றை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டான்.

"மிஸ், சீக்கிரம் தண்ணியில விட்டுடுங்க மிஸ்" என்று பின்னால் ஒரு குரல் கேட்டது. "காப்புக் கட்டின மீன இவ்ளோ நேரம் வெளிய வைக்கக் கூடாது."

மாரியாயி. செம்பனைத் தோட்டம் கைமாறிய பிறகும் குளக்கரையை விட்டுப் போகாத குடும்பங்கள் முப்பது நாற்பது உண்டு. அந்தக் குடியிருப்பைக் கம்பம் என்பார்கள்; அவள் அந்தக் கம்பத்துக்காரி. பக்கத்து நர்சரியில் செம்பனைக் கன்றுக்குப் பை நிரப்பும் வேலை. வேடிக்கை பார்க்க வந்திருந்தவள், செருப்பைக் கழற்றித் தள்ளி வைத்துவிட்டு, வலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

கௌசல்யாவுக்கு முதலில் ஒன்றும் ஏறவில்லை. என்ன மீன் என்று திரும்பக் கேட்டாள். காப்புக் கட்டின மீன் என்று மாரியாயியும் திரும்பச் சொன்னாள், இதைக்கூடவா கேட்பார்கள் என்ற தோரணையில்.

மாரியாயி சொன்னது இதுதான். ஆடியில் கம்பத்து அம்மன் கோயிலில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டினார்கள். மஞ்சள் நூலை மணிக்கட்டில் கட்டிக்கொண்டால், அதை அவிழ்க்கும்வரை அந்த ஆள் அம்மனுக்குச் சொந்தம். அவரை யாரும் கைநீட்டி அடிப்பதுகூடக் கிடையாது. திருவிழா முடிந்து இரண்டு நாள் கழித்து அவள் புருஷன் இராமலிங்கம் தூண்டில் போட்டான். மேலே வந்த மீனின் முதுகில் மஞ்சள் நூல். மனுஷனுக்கு உடம்பெல்லாம் ஆடிப்போயிற்று. மீனை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து தலைக்கு ஊற்றிக்கொண்டான். மறுநாள் எதிர்வீட்டுக்காரனுக்கும் அப்படியே ஒன்று. பூசாரி யோசித்துப் பார்த்து, இந்த வருஷம் அம்மன் மீனுக்கும் காப்புக் கட்டியிருக்கிறாள் என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து கம்பத்தில் ஒருவரும் மஞ்சள் மீனைத் தொடுவதில்லை. தூண்டிலில் மாட்டினால் மன்னிப்புக் கேட்டுவிட்டுத் தண்ணீரில் விட்டுவிடுவார்கள்.

"மத்த மீனு?" என்று கௌசல்யா கேட்டாள்.

"அதத்தான் சாப்பிட்டோம். சத்தியமா மஞ்சள் இல்லாததத்தான் மிஸ்."

கௌசல்யா அப்படியே ஈரமண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

யாரும் பொய் சொல்லவில்லை, அதுதான் கொடுமை. சங்கத்தின் காவலாள் கமலநாதன் சாயங்காலமானால் மோட்டார் சைக்கிளில் கம்பத்தைச் சுற்றி வருவான். இன்றைக்கு எத்தனை மீன் பிடித்தீர்கள், அதில் டேக் இருந்ததா என்று கேட்பான். கொண்டுவந்த மீனைச் சொல்வார்கள். டேக் இல்லை என்பார்கள். உண்மைதானே, சட்டியில் இருந்த மீனுக்கு டேக் இல்லை. விட்டுவிட்ட சாமி மீனைப் பிடித்த கணக்கில் யார் சேர்ப்பார்கள்? கமலநாதன் அதை அப்படியே கௌசல்யாவுக்கு அனுப்பினான். பிடித்தது ஏராளம், சங்கத்தார் தூண்டிலில் தட்டுப்பட்டதையும் சேர்த்தே மஞ்சள் ஒன்றிரண்டுதான் என்று பார்த்ததும் அவள் கணக்கில் குளம் பொங்கி வழிந்தது. அந்தக் கணக்கை நம்பிச் சங்கத்துக்காரர்களும் போட்டி வைத்துப் பெட்டி பெட்டியாக அள்ளிக்கொண்டு போனார்கள். டேக் மீன் மாட்டினால் விட்டுவிட வேண்டும் என்பது சங்கத்து விதி; போன மாதம், விடுவதற்கு முன் எடுத்த டேக் மீன் படங்கள் சங்கத்து வாட்ஸ்அப்பில் அடிக்கடி வந்தன. அப்போதாவது உறைத்திருக்க வேண்டும். அம்மணி அதற்கெல்லாம் இதயம் போட்டுக்கொண்டிருந்தாள்.

ஆனால் அவளை அதிகம் உறுத்தியது அதுகூட இல்லை. நிறத்தைத் தேர்ந்தெடுத்தது யார்? நீலம் இருந்தது, சிவப்பு இருந்தது. கலங்கல் தண்ணீரில் பளிச்சென்று தெரியட்டும் என்று மஞ்சள் வாங்கியது அவள். கிள்ளானில் பிறந்து வளர்ந்தவள், பால்குடத்துக்கு அவளே மூன்று வருஷம் மணிக்கட்டில் காப்புக் கட்டியவள். தமிழர் குடியிருக்கும் குளத்தில், ஆடி மாதத்தில், மஞ்சள் இழையைக் கட்டி விடுகிறோமே என்று ஒரு நிமிஷம் தோன்றியதா? தோன்றவில்லை. குளத்துக்கு வந்ததும் மனசு இங்கிலீஷில் ஓட ஆரம்பித்துவிடுகிறது. டேக் என்றால் என்னவென்று சங்கத்து உறுப்பினர்களுக்குப் படம் போட்டு விளக்கியவள், தண்ணீரை ஒட்டிக் குடியிருக்கிறவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று யாருக்குமே தோன்றவில்லை.

லோரியின் ஹாரன் கேட்டது.

லோகேஷ் குனிந்து அவள் காதோரம் சொன்னான். "தண்ணியில ஆக்ஸிஜன் கம்மின்னு சொல்லிடுங்க டாக்டர். லோரி திரும்பிப் போயிடும். ரிப்போர்ட்ட நம்ம மெதுவா சரி பண்ணிக்கலாம் லா."

நல்ல யோசனைதான். யாருக்கும் ஒன்றும் தெரியாது, அவள் பெயரும் பிழைக்கும். அவள் சபலப்படவில்லை என்று சொன்னால் நானே நம்பமாட்டேன். ஆனால் ஆக்ஸிஜன் இன்றைக்குக் குறைவு என்றால் அடுத்த வாரம் சரியாகிவிடும், லோரி திரும்ப வரும். இடைப்பட்ட நாளில் சங்கத்துக்காரர்கள் பெட்டியோடு வருவார்கள். அவள் எழுந்தாள். பாவாடை முழுக்கச் சேறு. குழாயை இழுத்துக்கொண்டிருந்த லோரிக்காரனுக்கும் தண்ணீருக்கும் நடுவில் போய் நின்றாள்.

"அங்கிள், விடாதீங்க. நான் எழுதிக் கொடுத்தது தப்பு."

பழனியப்பன் முதலில் சிரித்தார். பிரிக்ஃபீல்ட்ஸில் மூன்று தலைமுறையாக வியாபாரம் பார்க்கும் குடும்பம். விருந்தாளிகள் முன்னால் சிரித்தே சமாளிக்கத் தெரியும். அவளைத் தனியாகக் கூப்பிட்டு, என்னம்மா விளையாட்டு, மணி என்ன ஆகிறது தெரியுமா என்றார். அவள் அங்கேயே, எல்லாருக்கும் கேட்கும்படி, கடலைக் கணக்கைச் சொன்னாள். காப்பைச் சொன்னாள். கம்பத்தார் செய்தது பிசகில்லை, மஞ்சளைக் கட்டிவிட்டதும் தான், தப்பாகக் கூட்டியதும் தான் என்று சொன்னாள். சொல்லி முடித்தபோது ஒருவர் கையிலும் ஃபோன் உயரவில்லை.

வியாபாரிக்குக் கணக்கைக் கரைத்து ஊட்ட வேண்டியதில்லை. பழனியப்பன் வலையைப் பார்த்தார், குளத்தைப் பார்த்தார்.

"அப்ப போன மாசப் போட்டியில நம்ம வீட்டுக்குக் கொண்டு போனதெல்லாம்?"

"அதுதான் கடைசி மீனு அங்கிள். கம்பத்துல பிடிச்சது போக, மிச்சத்த நீங்க பிடிச்சீங்க."

அந்தச் செபராவை அவர் மனைவி சீதாலெட்சுமி குழம்பு வைத்து, மகள் வீட்டுக்கும் கொடுத்தனுப்பியிருந்தார். பழனியப்பன் பக்கத்திலிருந்த ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்தார். பிறகு கோபம் வந்தது, வராமல் இருக்குமா? குளத்தைச் சுற்றி வேலி போடுகிறேன், ஒரு பயல் தூண்டிலோடு வரக் கூடாது என்றார். கம்பத்துப் பக்கம் கையை நீட்டித்தான் சொன்னார்.

கௌசல்யாவுக்கு அப்போது பயம் போய்விட்டிருந்தது. வலையில் இருப்பது அவர்கள் விட்டுவைத்த மீன் என்றாள். அவர்கள் மட்டும் அந்த மஞ்சளுக்குக் கை கூப்பாமல் இருந்திருந்தால் இன்றைக்கு இந்தக் குளத்தில் செபராவ் என்று சொல்ல ஒன்று மிஞ்சியிருக்காது, தோமானையும் விட்டிருந்தால் மிஞ்சியதும் ஒரு வருஷம் தாங்காது என்றாள். பழனியப்பன் எழுந்து போய் லோரிக்காரனிடம், குழாயைச் சுருட்டிக்கொண்டு பந்திங்குக்கே போகச் சொன்னார். விருந்தாளிகள் கார்ச் சாவியைத் தேட ஆரம்பித்தார்கள். அவளை இனிமேல் எந்தக் குளத்துக்கும் யாரும் கூப்பிடப்போவதில்லை என்பது அந்தச் சாவிச் சத்தத்திலேயே தெரிந்தது.

வலையைப் பிரித்து மீன்களை விட லோகேஷ் இறங்கியபோது மாரியாயி அங்கேயேதான் நின்றாள். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள் என்பது கௌசல்யாவுக்கு அப்போதுதான் உறைத்தது. இனி அவர்களுக்குச் சாமி மீன் என்று ஒன்றில்லை. நாளைக்கே மிச்சமும் குழம்பாகலாம். உண்மையைச் சொல்லி லோரியை நிறுத்தியவள், அதே உண்மையால் இந்த இருநூறையும் காட்டிக் கொடுத்துவிட்டாளா?

மாரியாயி குனிந்து ஒரு மீனின் இழையை உற்றுப் பார்த்தாள். "அது வெறும் பிளாஸ்டிக்கா மிஸ்?"

"ஆமாக்கா. எண்ணுறதுக்குக் கட்டினேன்."

"அப்ப மத்ததெல்லாம் நாங்கதான் தின்னு முடிச்சோமா?"

"நாங்களும்தான்க்கா. நாங்கதான் அதிகம்."

மாரியாயி குளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகளுக்கு வாரத்தில் மூன்று நாள் இந்தத் தண்ணீர்தான் சோற்றுக்குக் குழம்பு கொடுத்தது. அது தீர்ந்துபோகும் என்று அவளிடம் யாரும் சொன்னதில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு குரலில் ஒரு கடுப்போடு, கௌசல்யாவை நேராகப் பார்த்துச் சொன்னாள்.

"பிளாஸ்டிக்கோ நூலோ, ஆடியில கட்டிட்டீங்க. நாங்களும் கும்பிட்டுட்டோம். இனிமே அவுக்காம யாரும் தொடமாட்டோம், உங்காளுங்களத் தொடவும் விடமாட்டோம். எப்ப அவுப்பீங்க?"

கௌசல்யா குனிந்து ஒரு மீனைத் தண்ணீரில் விட்டாள்.

"குஞ்சு பொரிக்கட்டும்க்கா. குளம் நெறையட்டும்."

"அப்ப எங்களக் கூப்பிடுங்க" என்றாள் மாரியாயி. "எங்களுக்குச் சொல்லாம கட்டின மாதிரி, சொல்லாம அவுத்துடாதீங்க."